ஒரு ரூம்பு மட்டும் போட்டுத் தர முடியுங்களா?

2003-ஆம் வருடம், ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த சமயம். கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்குத் தரை பார்க்கப் போயிருந்தேன். எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. மலையடிவாரத்தில் சேந்தமங்கலத்தில் சின்னதாக ஒரு பிளைவுட் கடை வைத்திருந்தேன். அதற்கு முன் ஆறு வருடம் பெங்களூரில் மரத்தரை போடும் வேலை பார்த்தவன். எங்கள் வட்டாரத்தில் அந்த வேலை தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்ற கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது மலையிலேதான். மிளகும் மரவள்ளியும் போட்டிருந்தார். பழைய வீட்டை ஒட்டிப் புதிதாக இரண்டு அறை கட்டி, கான்கிரீட் தரை போட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதன் மேல் மரத்தரை வேண்டும் என்றார். மலையில் யாரும் கேட்காத சமாச்சாரம். எதற்கு என்று கேட்டேன். ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பதில் சொன்னார்.

"கல்யாணமான புதுசுல வடக்க ஒரு மலையூர்ல குவார்ட்டர்ஸுங்க பாய். தரை பூரா பலகை. வெளிய பனி கொட்டும், காலு மட்டும் சில்லுங்காது. அதே மாதிரி ஒண்ணு வேணும்னு ஆசைங்க."

அந்த அக்கா தலையில் மப்ளரை இறுக்கச் சுற்றியிருந்தார். மலைக்குளிரில் எல்லாரும் சுற்றுவதுதானே என்று நினைத்துக்கொண்டேன். அவர் எழுந்து உள்ளே போகும்போது, கணவர் ஒரு சாக்கை எடுத்து அவர் காலடிக்கு முன்னால் விரித்தார். அக்கா அதில் கால் வைத்ததும் இன்னொரு சாக்கு. பிறகு பின்னால் கிடந்ததை எடுத்து மறுபடி முன்னால் போட்டார். "பாத்து வா கண்ணு" என்று சொல்லிக்கொண்டே சமையலறை வரைக்கும் அப்படியே கூட்டிப் போனார். புதுத் தரையில் அழுக்குப் படாமல் இருக்கத்தான் இந்தப் பாடு என்று எண்ணி, மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கான்கிரீட்டில் ஈரம் இருந்தால் மேலே போடும் பிளைவுட் உப்பிவிடும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடவேண்டும். ஒட்டிவிட்டு இறங்கி, மறுநாள் காலை பஸ்ஸில் ஏறி வந்து பார்த்தேன். தாளுக்கு அடியில் முத்து முத்தாக நீர்.

"ரெண்டு மாசமாவது காயோணுங்கண்ணா. தைப் பொங்கல் முடிஞ்சு வாரேன்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. ஃபேன் போட்டுக் காயவைக்கலாமா என்று கேட்டார். ஆகாது என்றேன். கரி அடுப்பு மூட்டி வைத்தால் என்றார். தரை வெடித்துப்போகும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "வேற வழியே இல்லீங்களா பாய்?" என்றார். எனக்கு லேசாக எரிச்சல் வந்தது.

"என்னங்கண்ணா அவசரம்? ஊடு எங்கயும் ஓடிப் போயிடாதுங்க" என்று சொல்லிச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அக்காதான் சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஏனுங்க பாய், இந்த ஒரு ரூம்பு மட்டும் போட்டுத் தர முடியுங்களா?" என்று கேட்டார்.

"அரைகுறையாச் செஞ்சா நாளைக்கு எம்பேருதானுங்கக்கா கெட்டுப்போகும்."

"அதுவும் சரிதானுங்க. காஞ்ச பொறவே வாங்க" என்றார். துளி வருத்தம் காட்டவில்லை.

பஸ் ஏற்றிவிட அண்ணன் கூடவே வந்தார். நிறுத்தத்தில் என் பக்கம் திரும்பி இரண்டு முறை வாயைத் திறந்தார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. "முடிஞ்சா சீக்கிரம் வாங்க பாய்" என்று மட்டும் சொன்னார். நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

சொன்னபடி பொங்கல் முடிந்த வாரம், பிளைவுட்டும் மரப்பலகைகளும் ஏற்றிய மினி லாரியோடு மலை ஏறினேன். வீட்டில் அண்ணன் மட்டும் இருந்தார். சவரம் செய்யாத முகம். ஜன்னலோரம் கட்டில் இல்லை. அந்தச் சாக்குகளைத் துவைத்து, மடித்து, சுவரோரம் அடுக்கி வைத்திருந்தார். நான் கேட்பதற்கு முன்னாலேயே அவர் சொல்லிவிட்டார்.

"அவ போயி இருவத்திரெண்டு நாளாச்சுங்க பாய்."

அவரே மெதுவாகச் சொன்னார். புற்றுநோய். சேலத்தில் பெரிய டாக்டர், இனி வைத்தியம் வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று புரட்டாசியிலேயே சொல்லி அனுப்பிவிட்டாராம். மருந்தின் வேகத்தில் அக்காவுக்குத் தலைமுடி எல்லாம் கொட்டி, பாதம் இரண்டும் எரிச்சல் எடுத்துவிட்டது. செருப்புப் போட முடியாது. சில்லென்ற சிமெண்ட்டில் கால் பட்டால் ஊசி குத்துவது போல் துடித்துப்போவாராம். ஜமக்காளம் விரித்தால் அதன் மடிப்பில் தடுக்கி விழுந்துவிடுவாராம். அதனால்தான் சாக்கு. அதனால்தான் அவசரம்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்கண்ணா" என்றேன்.

"நீங்க இருந்த நேரம் பூரா அவளும் அங்கியேதான இருந்தா? அவ முன்னால எப்படிங்க சொல்றது? பஸ்ஸுக்கு வந்தப்ப சொல்லிப்போடலாம்னுதான் வந்தேன். வாயில வரலீங்க."

லாரியில் இருந்த பிளைவுட்டைப் பார்த்தபடி நின்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் போட வந்திருந்தது மிதக்கும் தரை. கான்கிரீட்டில் ஓர் ஆணிகூட அடிப்பதில்லை. கனமான பாலிதீன், அதன் மேல் ஃபோம், அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு பிளைவுட், கடைசியில் மரப்பலகை. பிளைவுட் அடுக்கு இரண்டையும் ஒன்றோடு ஒன்று திருகாணியால் முடுக்குவோமே தவிர, தரையோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. அந்த ஒரு அறைக்கு மட்டும், பிளைவுட் வரைக்குமாவது, அந்த வாரமே கடையிலிருந்து கொண்டுவந்து விரித்துப் போட்டிருக்கலாம். அரை நாள் வேலை. நாலு மாதத்தில் உப்பினால் கழற்றி எறிந்துவிட்டு வேறு போட்டுக்கொள்ளலாம். வழி என் கையிலேயே இருந்திருக்கிறது. ஏன் இவ்வளவு அவசரம் என்று உண்மையாகவே கேட்டிருந்தால், அது அந்த நிமிடமே என் புத்தியில் தோன்றியிருக்கும்.

மனது தாங்காமல் அதை அவரிடமே சொல்லிவிட்டேன். "அப்பவே போட்டிருக்கலாமுங்கண்ணா. நான்தான் யோசிக்கலை. என்னை மன்னிச்சுருங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கண் மட்டும் கலங்கியது.

"அத இப்ப எதுக்குங்க பாய் சொன்னீங்க? முடியாததுன்னு நெனச்சுத்தான் மனசத் தேத்திட்டிருந்தேன்" என்றார்.

எழுந்து மிளகுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். என் பாரத்தை இறக்கிவைக்க அந்த மனுஷன் தோள்தான் கிடைத்ததா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். சரக்கைத் திருப்பிக் கொண்டுபோய்விடலாம் என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் திரும்பி வந்தார். முகம் கழுவியிருந்தார்.

"போட்டுருங்க பாய். அவ கேட்டது."

மூன்று நாள் வேலை. பக்கத்து ஊரில் தெரிந்தவர் வீட்டில் தங்கிக்கொண்டேன். ஒவ்வொரு பிளைவுட்டுக்கும் மறுமுனையை அவர்தான் பிடித்தார். சுவரோரம் அரை அங்குலம் விட வேண்டும், மரம் மூச்சு விட இடம் வேண்டும் என்றேன். அவரே ஒரு குச்சியை வைத்து ஒவ்வொரு இடமாக அளந்து பார்த்தார்.

கடைசிப் பலகை பொருந்தியதும் தூசி தட்டிவிட்டு வெளியே வந்து நின்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் கொஞ்சம் தயங்கினார். பிறகு உள்ளே போய், அக்காவின் கட்டில் இருந்த இடத்திலிருந்து ஜன்னல்வரை நடந்தார். திரும்பி நடந்தார். வெளியே மேகம் இறங்கி மிளகுக்கொடிகளை மறைத்துக்கொண்டிருந்தது. குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தார்.

"குளிரலீங்க பாய்" என்றார். அவ்வளவுதான். தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இந்தமுறை என் பாரத்தை அவர்மேல் இறக்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளுக்குத் தரை போட்டுவிட்டேன். அவரிடம் உண்மையைச் சொன்னது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் யாராவது 'கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுத் தர முடியுமா' என்று கேட்டால், ஈரம் பார்ப்பதற்கு முன்னால் அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன் என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.