ஓஎல் கணக்குப் பரீச்சையும் புள்ளக்காம்பரா வேலையும்

ஒனக்கு வேற வேல இல்லையா புள்ள? அடுப்புல தேத்தண்ணி கொதிக்குது, அத எறக்கி வைக்காம நான் ஓஎல் எழுதுன கதைய நோண்டிகிட்டு நிக்கிற. எவ சொன்னா ஒனக்கு? சொன்னவ பல்லுல பாக்கு சிக்க. சரி, ஒக்காரு. கேட்டுட்டுப் போயி லயம் பூராவும் ஓதிகிட்டுத் திரியாத.

அப்ப நான் புள்ளக்காம்பராவுல ஆயா. கொழுந்தெடுக்கப் போற பொம்பளைங்க விடியக்காலையிலேயே கைப்புள்ளைங்கள என்கிட்ட போட்டுட்டுப் போவாங்க. தொட்டி ஆட்டுறது, பால் கரைச்சுக் குடுக்குறது, மூக்கத் தொடைக்கிறது, இதுதான் வேல. மழையில நனையாம, அட்டகிட்ட கடி வாங்காம கூரைக்குள்ள இருக்கலாம். அதுக்கு முன்னாடி நானும் கொமரியா இருந்த காலத்துலேருந்து கொழுந்தெடுத்தவதான். திரும்ப மலையேற எனக்கு ஒடம்புல தெம்பில்ல.

கம்பெனிக்காரங்க தோட்டத்த எடுத்த பொறகு ஆபிசு கிளாக்கரு ஐயா கூப்பிட்டு அனுப்புனாரு. இனிமே அந்த வேலைக்கு ஓஎல் பாஸ் பண்ணியிருக்கணுமாம். கொஞ்ச வருசம் தவணை தருவாங்களாம், இல்லாட்டி கூடையத் தூக்கிக்கணுமாம். பள்ளிக்கூடப் புள்ளைங்க பதினோராம் வகுப்பு முடிச்சு எழுதுற பரீச்சை அது, நான் அஞ்சாப்போட நின்னவ. புள்ளைக்கு மூத்திரத்துணி மாத்துறதுக்கு எதுக்குங்கய்யா கணக்குன்னு கேட்டேன். அவரு சிரிக்கல.

லிந்துலையில யாழ்ப்பாணத்து டீச்சரம்மா ஒருத்தங்க ஞாயித்துக்கெழமையில பாடம் சொல்லிக் குடுத்தாங்க. போயி ஒக்காந்தேன். கூடப் படிச்சதுங்க பாதி நான் தொட்டியில போட்டு ஆட்டுனதுங்க. வகுப்புலயும் ஆயான்னுதான் கூப்பிடுங்க. பாத்து எழுதப் போனா மட்டும் கையால மறைச்சுக்கும்ங்க, நன்றி கெட்டதுங்க.

தவணை முடியிற வருசம் பரீச்சைக்குப் போனேன். மத்த பாடமெல்லாம் ஒரு மாதிரியா எழுதிட்டேன். கணக்கன்னைக்குத்தான் சனியன் புடிச்சுச்சு. குனிஞ்சு எழுதிகிட்டே இருக்கேன், மணி அடிக்குது. மலையில சங்கு ஊதுனா என்ன செய்வோம்? கையில இருக்கிறத கூடையில போட்டுட்டு மடுவத்துக்கு ஓடி, கொழுந்து நிறுக்கிற வரிசையில நிப்போம். பிந்துனா கணக்கப்புள்ள வாய்க்கு வந்தபடி ஏசுவாரு. எனக்கு அதுதானே பழக்கம். பேப்பரத் தூக்கிகிட்டுப் போயி மேசையில போட்டுட்டு வெளிய வந்துட்டேன். வரிசையில மொத ஆளு நாந்தான்.

வாசல்ல நின்னு திரும்பிப் பாத்தா ஒருத்தரும் எந்திரிக்கல. காவலுக்கு நின்ன சார்கிட்ட, ஏன் சார் யாரும் வரலன்னு கேட்டேன்.

"அது இன்னும் அரை மணித்தியாலம் இருக்கெண்டு அடிச்ச மணி அம்மா. வெளிய வந்தாப் பிறகு திரும்ப விடேலாது."

அழுக வரல, கோவமும் வரல. கடையில ஒரு பிளேன்டீ குடிச்சேன். சீனி போட்டாங்களா போடலையான்னுகூடத் தெரியல.

கணக்குல பெயிலு. கூடையத் தூக்கிட்டேன். கிளாக்கரு ஐயா மட்டும், அடுத்த வருசம் கணக்குப் பாஸ் பண்ணிட்டு வா, எடத்த அதுவரைக்கும் சும்மா வச்சிருக்கச் சொல்றேன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்காக இன்னொரு வருசம் படிச்சேன். பகல்ல மலை, ஞாயித்துக்கெழம லிந்துலை. ரெண்டாந்தடவ அந்த மணி அடிக்கையில காலு தன்னால எந்திரிக்கப் பாத்துச்சு. பெஞ்சுக்கால்ல காலப் பின்னிகிட்டு கடைசி மணி அடிக்கிற வரைக்கும் அசையாம ஒக்காந்திருந்தேன்.

ரிசல்ட்டு வந்தப்ப டீச்சரம்மாதான் சொன்னாங்க. "அம்மா, நீங்கள் பாஸ் பண்ணீட்டியள்." சொல்லையிலேயே அவங்களுக்குக் கண்ணு கலங்கிருச்சு. அப்படிங்களா டீச்சர்னேன். பஸ்ஸேறி, சன்னலோரமா சீட்டு இருக்கான்னு பாத்தேன்.

ஆபிசுக்குப் போனேன். கிளாக்கரு ஐயா தலையத் தூக்காமலே, அந்த ஆயா வேலைக்கு வெளியிலேருந்து ஒரு பொண்ணப் போட்டுட்டாங்கம்மா, பெரிய எடத்து உத்தரவு, நான் என்ன செய்றதுன்னாரு. சரிங்கய்யான்னுட்டு வந்தேன். வர்ற வழியில புள்ளக்காம்பராவுல ஒரு கொழந்த அழுதுகிட்டு இருந்துச்சு. பசி அழுகன்னு தெரிஞ்சுச்சு. நிக்காம நடந்து வந்து, கொழுந்தெடுக்கையில இடுப்புல கட்டுற படங்கத் தொவைச்சுக் காயப் போட்டேன்.

மறுநாளு மலையில பக்கத்து நெரைக்காரிங்க விடல. ரிசல்ட்டு என்னக்கா, ரிசல்ட்டு என்னக்கான்னு கேட்டாளுங்க. பாஸுன்னு சொன்னா, பாஸ் பண்ணிட்டு இங்க ஏங்க்கா நிக்கிறன்னு அடுத்தாப்புல கேப்பாளுங்க. கிளாக்கரு ஐயாகிட்டயே நான் கேக்காத கேள்வி அது.

பெயிலுன்னு சொல்லிட்டேன். திரும்பவும் கணக்குலதான், இந்த மண்டையில இனி ஏறாது, டீச்சரம்மாவே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிட்டாங்கன்னேன். சிரிச்சாளுங்க. ஒருத்தி மட்டும், "விடுக்கா, நமக்கெல்லாம் எதுக்கு"ன்னு அவ கூடையிலேருந்து ரெண்டு கை கொழுந்த அள்ளி என் கூடையில போட்டா. நான் வேணாங்கல.