போகும்போது ஜில், வரும்போது வேர்வை

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு காராம். வெயில் ஏறினால் அதுவே குளிருமாம், மேகம் வந்தால் அதுவே அடங்குமாம். எங்கள் தொழிலில் எல்லாக் கதையும் இப்படித்தான் தொடங்கும். தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில், மின்சாரக் கார் சர்வீஸ் சென்டரில், ஏ.சி. பிரிவில் எனக்கு வேலை. எத்தனை டிகிரி வேண்டும் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், மீதியைக் காரே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பார்த்துக்கொள்ளத்தான் செய்கிறது. எதைப் பார்த்து, எதைப் பார்க்காமல் விடுகிறது என்பதுதான் நம் பாடு. நீங்களும் பட்டிருப்பீர்கள், கேளுங்கள்.

நெற்றிப்பொட்டு

குரோம்பேட்டையிலிருந்து ஒரு பேங்க் மேனேஜர் வந்தார். புத்தம்புதுக் கார். "மத்தியான வெயில்லயும் மார்கழி மாசம் மாதிரி மெதுவா ஊதுது தம்பி" என்றார். டாஷ்போர்டில், கண்ணாடியை ஒட்டி, கறுப்பாக ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதுதான் வெயிலைப் பார்க்கிற கண். அதன்மேல் கெட்டியாகக் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்! வண்டி பூஜையில் சக்கரம், பானட் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த குருக்கள், உள்ளேயும் எட்டிப் பார்த்திருக்கிறார். உருண்டையாக ஒன்று தெரிந்திருக்கிறது. விடுவாரா?

ஈரத்துணியால் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் விசிறி ஹோவென்று வேகமெடுத்தது. கண் திறந்ததும் வெயிலைப் பார்த்துவிட்டதே என்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மேனேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்: "நெத்தின்னு நெனச்சு வெச்சிருக்கார் தம்பி, கண்ணை இல்ல மூடிட்டிருக்கார்!"

முதல் பந்தி

கால் டாக்ஸி ஓட்டும் முருகேசன் அண்ணன், உச்சி வெயிலில் வேக சார்ஜரில் வண்டியைப் போட்டுவிட்டு, ஏ.சி.யில் ஒரு தூக்கம் போடுவார். பாதித் தூக்கத்தில் குளிர் குறைந்துவிடுகிறது என்று சண்டைக்கு வந்துவிட்டார். எங்கள் சீனியர் பாஸ்கர் அண்ணன் பொறுமையாக விளக்கினார்: வேகமாகச் சார்ஜ் ஏறும்போது பேட்டரி கொதிக்கும், பேட்டரிக்கும் ஆளுக்கும் குளிர் தருவது ஒரே கம்ப்ரசர், அது முதலில் பேட்டரியைத்தான் பார்க்கும்.

முருகேசன் அண்ணன் காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். கோபம் போய், முகத்தில் ஒரு மரியாதையே வந்துவிட்டது. "கரெக்டாத்தான் கீது சார். எங்க வூட்லயும் மொதல்ல பசங்க துன்னணும், மிச்சம் கீதுன்னாத்தான் நமக்கு."

பச்சைக்கொடி

இரும்புலியூர் ஸ்டெல்லா டீச்சர் சண்டை போடவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. அவருடைய அப்பா ரயில்வேயில் கொடி காட்டும் கார்டாக இருந்தவர். பக்கவாதம் வந்து, வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. குரோம்பேட்டையில் தெரப்பிக்குக் கூட்டிப்போகத்தான் இந்தக் காரே வாங்கினாராம். "வேர்க்குது, குளுருதுன்னு அவரால சொல்ல முடியாது. அதான் தானா பாத்துக்கிற வண்டியா வாங்கினோம்" என்றார். ஆனால் போகும்போது நன்றாக இருக்கும் அப்பா, திரும்பி வரும்போது சட்டை பிழிகிற மாதிரி நனைந்துவிடுகிறார். போன தடவை மயங்கியே விட்டார். ஓட்டுகிற டீச்சருக்கோ இரண்டு நேரமும் ஜில்லென்றுதான் இருக்கிறது.

மேனேஜர் கார் நினைவுக்கு வந்து, டாஷ்போர்டில் இருந்த குருத்தோலைச் சிலுவையைத் தள்ளிவைத்தேன். பயனில்லை. முருகேசன் அண்ணன் கார் நினைவுக்கு வந்து, சார்ஜ் போடுகிறீர்களா என்று கேட்டேன். வழியில் போடுவதே இல்லையாம். அப்பாவின் சீட்டில் நானே உட்கார்ந்து தாம்பரத்தைச் சுற்றிவந்தேன். எனக்குப் பல் கிட்டியது. டீச்சர் சாவியை வாங்கிக்கொண்டார். "விரல் இப்பதான் தம்பி லேசா அசையுது. ஆனா இன்னொரு தடவை மயங்கினார்னா, தெரப்பியே வேணாம்னு நிறுத்திடுவேன்."

மடியில் பை

அடுத்த தெரப்பிக்கு நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். முன்சீட்டில் இலவம்பஞ்சுத் தலையணை போட்டு, அதன்மேல் அப்பா. மடியில் ஃபிளாஸ்க், போர்வை, மாற்றுத்துணி அடைத்த பெரிய பை. யார் கேட்டாலும் தரமாட்டார். ரயிலில் கார்டு கூடவே கொண்டுபோகும் பெட்டி மாதிரி இடது கையால் அணைத்துக்கொண்டே வந்தார். குளிர் அருமையாக வந்தது.

திரும்பும்போது அசந்துபோயிருந்தார். வழக்கம்போல் பையை வாங்கி டிக்கியில் வைத்தோம். சானடோரியம் சிக்னல் வருவதற்குள் பிடரியில் வேர்வை ஓடுகிறது. இடது கையை ஜன்னல் பக்கமாக நீட்டி நீட்டி ஆட்டினார். "பழக்கதோஷம் தம்பி, பச்சைக்கொடி காட்டறார். வரும்போதெல்லாம் இப்படித்தான்" என்று டீச்சர் சிரித்தார். நான் எட்டி, அவர் கை போன இடத்தில் என் கையை வைத்தேன். டாஷ்போர்டு ஓரத்தில் ஏ.சி. காற்று வருகிற துவாரம்! அதில் காற்றே இல்லை.

போகும்போது மடியில் பை இருந்ததே என்று, என் டூல்ஸ் பையை அவர் மடியில் வைத்தேன். சற்றுப் பொறுத்து, புஸ்ஸென்று குளிர் வந்தது. எடுத்தேன், நின்றது. ஆள் இல்லாத சீட்டுக்குக் காற்றை அடைத்து, பேட்டரியை மிச்சம் பிடிக்கிற வசதி அந்த மாடலில் உண்டு. ஆள் இருப்பதை அது எடையை வைத்துத்தான் அறியும். அப்பா அவ்வளவு இளைத்திருந்தார். அடியில் மெத்தென்ற தலையணை வேறு. பை இருந்தால் ஆள், இல்லாவிட்டால் காலி சீட். திரையில் அந்த வசதியை அணைத்தேன். டீச்சர் வண்டியை ஓரம் கட்டி, அப்பாவின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்ளோ நாளா கையாலயே கத்திக்கிட்டு வந்திருக்கீங்களேப்பா... நான் கொடின்னு நெனச்சேனே!"

முதல் புகார்

சில மாதம் கழித்து டீச்சர் சர்வீசுக்கு வந்தார். முன்சீட்டில் அப்பா. சரிபார்ப்பதற்காக ஏ.சி.யை ஓடவிட்டு, "எப்படி சார் இருக்கு?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். உதடு கோணிற்று. ரொம்ப தூரத்திலிருந்து ரயில் வருகிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பி வந்தது.

"கு... குளுருது."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். பாஸ்கர் அண்ணன் ஸ்பேனரைக் கீழே போட்டார். நான் ஓடிப்போய் இரண்டு டிகிரி கூட்டிவைத்தேன். அப்பா ஊன்றுகோலோடு இறங்கி, மகள் தோளைப் பிடித்து, வெயிலில் நிற்க வேண்டும் என்பதுபோல் வாசலைப் பார்த்து நடந்தார். பாஸ்கர் அண்ணன் என் காதில் சொன்னார்: "டேய், கம்ப்ளெய்ண்ட்டுடா! கஸ்டமர் கம்ப்ளெய்ண்ட் பண்ணிட்டாருடா!"

புகார் வந்ததற்காக ஏ.சி. பிரிவே கண்ணைத் துடைத்துக்கொண்டது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரு நாள்தான்.