சைக்கிள் ஏட்டு

டீக்கடையைத் தாண்டும்வரை ஏட்டு வரதன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போவார். கோவளம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தீனதயாளனின் கடை. காலை வேளையில் ஆட்டோக்காரர்கள் அங்கே கூடியிருப்பார்கள். காக்கி உடுப்போடு தான் காலைத் தூக்கிப் போட்டு சைக்கிள் ஏறுவதை அவர்கள் பார்த்துவிடக் கூடாது.

"இன்னா ஏட்டய்யா, இன்னிக்கும் பஞ்சரா?" என்பார் தீனதயாளன்.

"செயின் டைட்டா கீதுய்யா."

போலீஸ் சைக்கிளின் செயின் தினமும் டைட்டாக இருக்கிறது. ஐஸ் கம்பெனி மதில் வந்ததும் தளர்ந்துவிடும். வரதன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஏறிக்கொள்வார்.

ஏறிய பிறகு ஆள் வேறு. ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்த நிமிர்வு அப்படியே இருக்கும். பெல் அடிக்க மாட்டார். பெல் பால்காரனுக்கு உரியது என்பது அவர் கருத்து. குறுக்கே மாடு வந்தாலும் மந்திரி வந்தாலும் வாயாலேயே "ஏய், நவுரு" என்பார்.

அந்த வாய் ஒரு காலத்தில் ஜீப்பின் மைக்கில் பேசியது. "ஏய் சைக்கிள்! ஓரம் போ! ரோடு இன்னா உங்க அப்பன் வூட்டுதா?" கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே சைக்கிளில் வேலைக்குப் போகிற எல்லோருக்கும் அந்தக் குரல் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து ஹெல்மெட்டும் இறுக்கமான கால்சட்டையுமாகச் சைக்கிளில் வருகிற கூட்டத்தைப் பார்த்தால் மட்டும் அதே குரல், "சார், கொஞ்சம் ஓரமா சார்" என்று இறங்கிவிடும். அவர்களில் யார் டாக்டர், யார் நீதிபதி என்று ஹெல்மெட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

போன வருஷம் நிலையத்துக்கு ரோந்து சைக்கிள்கள் வந்தன. கியர் உண்டு, பின்னால் மினுக்கும் விளக்கு உண்டு. யாரை ஏற்றலாம் என்று பேச்சு வந்தபோது இன்ஸ்பெக்டர், வரதனின் வயிற்றைப் பார்த்தார். உத்தரவு என்று வேறு எதுவும் தேவைப்படவில்லை.

முதல் நாள், தான் இத்தனை காலம் போட்ட சட்டத்துக்குத் தானே கட்டுப்பட்டு, வரதன் ஓரமாகப் போனார். ஓரத்தில் என்னவெல்லாம் இருக்கிறது என்பது ஜீப்பிலிருந்து தெரிவதில்லை. சவுக்குத் தோப்பிலிருந்து பறந்து வந்த மணல், இளநீர் மட்டை, பாட்டில் சில்லு, நின்றிருக்கும் காரிலிருந்து திடீரென்று திறக்கும் கதவு. கதவுக்குத் தப்பி, சக்கரம் மணலில் செருகி விழுந்தார். பின்னால் சைக்கிளில் வந்த வேண்டா என்கிற பெண் இறங்கித் தூக்கிவிட்டாள். திருவிடந்தைக்கு அப்பால் ஒரு விடுதியில் அறைகள் துடைக்கிறவள். தினமும் கோவளத்திலிருந்து சைக்கிளில்தான் போகிறாள்.

"ஓரமாத்தான சார் போனீங்க? அப்பறம் ஏன் வியுந்தீங்க?" என்றாள்.

அக்கறையா கிண்டலா என்று வரதனுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. மறுநாளிலிருந்து ஓரத்தைவிட்டு ஒரு கை தூரம் தள்ளித்தான் ஓட்டுகிறார். பின்னால் ஆரன் கத்தினாலும் திரும்புவதில்லை. கத்துகிறவர்களுக்கு அவர் போலீஸ் என்பதும் தெரிவதில்லை. காக்கி, ஜீப்பில் போனால் போலீஸ். சைக்கிளில் போனால் வாட்ச்மேன். ஒருமுறை ஒரு பங்களா வாசலில் கார்க்காரர் ஒருவர் கண்ணாடியை இறக்கி, "வாட்ச்மேன், கேட்டைத் தொறப்பா" என்றார். வரதன் இறங்கிப் போய்த் திறந்துவிட்டார். விளக்கம் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

வெளியாட்களைச் சமாளித்துவிடலாம். சொந்த மச்சானை என்ன செய்வது? மனைவி ஜெனிஃபரின் தம்பி கிருபாகரன், கல்பாக்கத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வேனின் டிரைவர். இந்த ரோட்டு டிரைவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தெரிந்தவர் போனால் உரசுகிற மாதிரி வேனைப் பக்கத்தில் ஓட்டிப் போய், நீளமாக ஓர் ஆரன் அடிக்க வேண்டும். அது மரியாதை. தள்ளிப் போனால் ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தம். கிருபாகரன் தினமும் மாமாவுக்கு மரியாதை செய்தான். வரதனும் தினமும் கையைத் தூக்கி அதை ஏற்றுக்கொண்டார்.

"கொஞ்சம் தள்ளிப் போ மச்சான்" என்று ஒருநாள் சாப்பாட்டில் சொல்லிப் பார்த்தார்.

"தள்ளிப் போனா, மாமாகூட இன்னாடா சண்டைன்னு அக்கா கேக்கும் மாமா."

போன வாரம் கிருபாகரன் மரியாதை செய்தபோது, வரதனுக்குச் சற்று முன்னால் வேண்டா போய்க்கொண்டிருந்தாள். மாமாவை ஒட்டி வந்த வேன் அதே கோட்டில் அவளையும் ஒட்டிப் போனது. வரதன் தூக்கிய கையை இறக்குவதற்குள் அவள் மணலில் கிடந்தாள். வேன் நிற்கவில்லை. மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. விடுதியில், கை சரியானதும் வா, அதுவரை வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். வேன் மேல் வழக்குப் பதிவானால் அவளுக்கு நஷ்ட ஈடு கிடைக்கும். கிருபாகரனின் லைசென்ஸ் போகும். பார்த்த சாட்சி ஒருவர்தான்.

"அவன் ஆரன்தான அட்ச்சான், அவளையா அட்ச்சான்?" என்றாள் ஜெனிஃபர். "ரெண்டு புள்ளய வச்சிகினு அவன் எங்க போவான்? உன் வாயால கெடணுமா அவன் பொயப்பு?" அன்று குழம்பை அவரே ஊற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

மறுநாள் நிலையத்துக்கு எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார் இன்ஸ்பெக்டர். கிருபாகரன் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தான். மாவுக்கட்டுக் கையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த வேண்டாவின் பக்கத்தில் பையை வைத்தான்.

"மனசுல வச்சிக்காத அக்கா. சத்தியமா உன்ன நான் பாக்கவே இல்ல. மாமாவத்தான் பாத்தேன்."

"ஆரன் உங்க மாமனுக்கு, ஒடஞ்சது என் கையா? நல்லா கீதுப்பா உங்க ஒறவு."

இப்படிப்பட்ட சமயங்களுக்கென்று நிலையத்தில் ஒரு வாக்கியம் உண்டு. சைக்கிளில் வந்தவர் நிலைதடுமாறித் தானாகவே கீழே விழுந்துவிட்டார். ஜீப் காலத்தில் வரதன் அதைத் தூக்கத்தில்கூட எழுதுவார். இன்ஸ்பெக்டர் அதில் பாதியை எழுதிவிட்டு, பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார்.

"நீதான பின்னால வந்த வரதா? வேனுக்கும் இந்தம்மாவுக்கும் எவ்ளோ கேப் இருந்துச்சு?"

வரதன் வாயைத் திறக்கவில்லை. மீன் நீளம் காட்டுகிறவரைப் போல இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி அகல விரித்தார். கிருபாகரனுக்கு மூச்சு வந்தது. வேண்டா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைகள் அந்தரத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. பிறகு வலது கை இடது கையை நோக்கி நகர ஆரம்பித்தது.

"மாமா" என்றான் கிருபாகரன்.

கை ஒரு முழத்துக்கு வந்தது. ஒரு சாணுக்கு வந்து நின்றது. வரதன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். வலது கை இன்னும் நாலு விரல் உள்ளே வந்தது.