ஸ்டெல்லா அக்கா வாசித்த கடைசிப் பக்கங்கள்

ஸ்டெல்லா அக்கா திங்கட்கிழமை காலமானார். எனக்கு வியாழக்கிழமை சொன்னார்கள். அல்சூர் ஒலிநாடா நூலகத்தின் செயலாளர்தான் போன் செய்தார். எனக்குத் தெரிவிக்கும்படி அக்காவின் கணவர் திங்களன்றே அவரிடம் சொல்லியிருக்கிறார். "அடக்கமெல்லாம் முடிஞ்சிடுச்சு சார். கூட்டத்துல நீங்க எப்படி... மனசும் தாங்காதேன்னுதான் சொல்லல" என்றார். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. மனசு எல்லோருக்கும் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. போனை வைத்துவிட்டேன். இல்லையென்றால் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன்.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மர்பி டவுன்காரர், ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பார்வையற்றோருக்கான அந்த நூலகத்துக்காகத் தமிழின் நல்ல சிறுகதைகளை கேசட்டில் வாசித்துக் கொடுத்தார். நான் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டர். வேலை முடிந்து வந்து டேப் ரிக்கார்டரைத் தட்டினால் அந்தக் குரல்தான் துணை. சோகக் கட்டத்திலும் குரல் தழுதழுக்காது. வேடிக்கையான இடத்திலும் அவர் சிரிக்கமாட்டார். அந்த வேலையை நமக்கு விட்டுவிடுவார்.

பல கதைகள் திடீரென்று நிற்கும். உடனே புல்லாங்குழல் வரும். நவீனச் சிறுகதை என்றால் இப்படிப் பாதியில் விடுவதுதான் நயம் என்று நான்கு வருஷம் நம்பினேன். நண்பர்களிடம் அதற்காகச் சண்டை வேறு போட்டிருக்கிறேன்.

நூலக ஆண்டு விழாவில்தான் அக்காவை முதன்முதலாகச் சந்தித்தேன். மனைவிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் குமாஸ்தாவின் கதையைப் புகழ்ந்தேன். "படி ஏறிட்டே இருக்கான், அப்படியே விட்டுட்டார் பாருங்க!"

"எங்கே விட்டார்? மேலே போனா கட்டில் காலியா இருக்கும். அப்புறம் ரெண்டு பக்கம் இருக்கே!" என்றார் அக்கா.

பக்கத்தில் நின்ற செயலாளர் எதையும் ஒளிக்கவில்லை. பெருமையாகவே சொன்னார்: "பாவம், ஏற்கெனவே கஷ்டத்துல இருக்கறவங்க மேடம். கேசட்டைக் காப்பி எடுக்கறப்ப சோகம் வந்தா நிறுத்திட்டு மியூசிக் போட்டுடுவேன்."

அக்கா அதிர்ந்து பேசாதவர். அன்று மண்டபம் முழுக்கக் கேட்டது. "எழுதினவர் கொடுத்ததைப் பிடுங்க நீங்க யாரு சார்? கண்ணு தெரியலைன்னா குழந்தைங்களா அவங்க?"

அதன்பின் நூலகத்துக்கு அவர் போகவில்லை. விடுபட்ட கடைசிப் பக்கங்களை வீட்டிலேயே வாசித்துப் பதிவுசெய்து, கேசட் கேசட்டாக எனக்கு அனுப்பினார். பின்னால் குக்கர் விசிலும் பக்கத்து வீட்டுக் கன்னடச் சண்டையும் கேட்கும். அந்தக் காலிக் கட்டிலைக் கேட்ட அன்று நான் சாப்பிடவில்லை. நன்றாக அழுதேன். அது என் அழுகை. அதைத் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை. இது இன்னும் அந்தச் செயலாளருக்குப் புரியவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். அக்காவின் முடிவையும் என்னிடமிருந்து வெட்டிவிட்டார்.

நேற்று அக்காவின் வீட்டுக்குப் போனேன். கணவர் அந்தோணி அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிம்மதியா போயிட்டா சார்" என்றார்.

"முழுசா சொல்லுங்கண்ணே" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

அதை அப்படியே எழுதுகிறேன். அக்கா நிம்மதியாகப் போகவில்லை. சில மாதங்களாகவே இருதய நோய். அன்று விடிந்ததிலிருந்து மூச்சுக்குத் திணறினார். பயந்திருந்தார். "என்னங்க, எங்கயும் போகாதீங்க" என்று இரண்டு முறை சொன்னார். அண்ணன் தண்ணீர் கொண்டுவரச் சமையலறைக்குப் போனார். டம்ளரோடு திரும்பி வந்தபோது உயிர் இல்லை.

முடிவுவரை கேட்டுவிட்டேன், அக்கா. போய் வாருங்கள்.