அக்கா படித்தது நாத்திகம் அல்ல

அருளாளன் அல்லாஹ்வின் பெயரால் எழுதுகிறேன். எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலர் அச்சிடுவதெல்லாம் நம் வழக்கமா என்று கேட்ட உறவினர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறோம்.

அக்கா பிறந்தது மரக்காணத்தில். அத்தாவின் மளிகைக் கடையில் உப்பளத்துக்காரர்களோடு வாயடித்தே வளர்ந்தவர். வாழ்க்கைப்பட்டது கோட்டக்குப்பத்தில். மச்சான் சவூதியில் இருந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மார்க்கக் கல்வி கற்ற பக்கத்துத் தெரு ஆலிமாவிடம் மன்திக் ஓதப் போனார் அக்கா. சரியாகச் சிந்திக்கக் கற்றுத்தரும் தர்க்கக் கலை அது. மதரஸாக்களில் காலங்காலமாக ஆண்கள் ஓதுவதுதான்.

அதில் மனிதனுக்கு ஒரு வரையறை வரும்: 'ஹயவானுன் நாதிக்', அதாவது சிந்தித்துப் பேசும் உயிரினம். மீன் கழுவிக்கொண்டே அக்கா அதைச் சத்தமாக மனப்பாடம் செய்ய, மாமியார் காதில் 'நாத்திக்' என்று விழுந்தது. சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் அதே பேச்சு.

"அல்லா இல்லேன்னு சொல்ற படிப்பு எங்க வூட்ல வேணாம்!" என்றார் மாமியார்.

"மாமி, உப்பளத்துலயும் பாத்திதான், தோட்டத்துலயும் பாத்திதான். பேரு ஒண்ணுன்றதால உப்புப் பாத்தியில கீரை மொளைக்குமா? நாதிக் வேற, நாத்திகம் வேற."

அக்காவைப் பார்க்கப் போய்ப் பக்கத்தில் இருந்த நான் சிரித்துவிட்டேன். மாமியார் சிரிக்கவில்லை. அன்றைக்கே சவூதிக்குப் போன் போனது.

"படிப்பா, குடும்பமா? ஒண்ணு சொல்லு" என்றார் மச்சான்.

"ரெண்டும் சேர்ந்து இருக்க முடியாதுன்னு யாருங்க சொன்னது? ஆதாரம் காட்டுங்க, வுட்டுர்றேன்."

ஆதாரம் வரவில்லை, தலாக்தான் வந்தது.

பிள்ளைகளோடு மரக்காணம் திரும்பிய அக்கா, தையல் மிஷினை நம்பிக் குடும்பம் நடத்தினார். பஸ் ஏறிப் போய்ப் பாடத்தையும் முடித்தார். உறவினர்களான நீங்கள் கல்யாணங்களுக்கு எங்களை அழைக்காமல் ஒதுக்கினீர்கள். எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அக்காவோ எங்கள் தெருப் பெண்களைக் கூட்டி அதே பாடத்தை நடத்தினார். சிறுநீரகம் பழுதாகிப் படுத்த பிறகும், எதற்கு என்று கேட்காமல் ஒரு மாத்திரை விழுங்கியதில்லை.

டயாலிசிஸுக்கு அழைத்துப்போன ஆட்டோக்காரத் தம்பிக்கும், கடைசிவரை வந்து பார்த்த ஆலிமாவுக்கும், வேலையை விட்டு வந்து அழுத உப்பளத்துப் பெண்களுக்கும் எங்கள் நன்றி.

ஜனாஸா அடக்கத்தன்று, "அவ படிச்ச படிப்ப அல்லா மன்னிக்கணும்" என்று உங்களில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அக்காவின் மறுமைக்காக எல்லோரும் துஆச் செய்யுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். படித்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அக்காவே கேட்கவில்லை.

— தங்கை