கழுவிய புஷ்

குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் பேக்டரியில் என் வீட்டுக்காரர் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். இலையை முறுக்கும் ரோலர்கள் அவர் பொறுப்பு. தேயிலையில் மெஷின் எண்ணெய் வாசம் வந்தால் வெள்ளைக்காரத் துரைக்கு ஆகாது. ஒருமுறை அப்படி ஆகி, "இன்னொருக்கா ஆச்சுன்னா லைன் ஊட்டைக் காலி பண்ணிடோணும்" என்று பேக்டரியை நடத்தும் டீமேக்கர் சொல்லிவிட்டார். வரிசையாகக் கட்டி எஸ்டேட் கொடுத்த வீடுதான் லைன் வீடு. நான் அப்போது முழுகாமல் இருந்தேன். எண்ணெய்க் குவளையைத் தொட்டுவிட்டால் இவர் ரோலரை மூன்று தடவை துடைப்பார்.

அந்தச் சமயத்தில் சீமையிலிருந்து புதுவகை வெண்கல புஷ் வந்தது. ரோலரின் தண்டு அதற்குள்தான் சுழலும். இதற்கு எண்ணெயே விட வேண்டாம் என்று துரை சொன்னதோடு சரி. ஏன் என்று டீமேக்கரும் கேட்கவில்லை. பெரிய மனிதர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

இவர் எடுத்துப் பார்த்தால் புஷ் பிசுபிசுவென்று இருந்தது. கப்பலில் கறுத்துப்போகாமல் இருக்க எதையோ பூசி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தார். இலையில் பட்டால் தொலைந்தோம். சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்தார். துடைத்தால் மறுபடி கசிந்தது. விடாமல் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்து, "இப்பத்தான் நிம்மதியா இருக்குது புள்ள" என்றார்.

மாட்டிய அன்று மத்தியானமே புஷ் காய்ந்து தண்டைக் கவ்விப் பிடித்தது. தண்டு முறிந்து ரோலர் நின்றது. அன்றைய இலை முழுக்கக் குப்பைக்குப் போனது.

துரை அப்புறம்தான் விளக்கினார். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த பொடியை அச்சில் அழுத்தி, உருகாத பதத்தில் சுட்டுச் செய்த புஷ்ஷாம் அது. பொடிக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத துளைகள். அவற்றில் ஊறிய எண்ணெய்தான் தண்டை வழுக்கிச் சுழலவிடும். இவர் அதைத்தான் கழுவி எடுத்திருந்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே" என்று இவர் கேட்டதற்கு, "எண்ணெய் விட வேண்டாம்னுதான் சொன்னோம், கழுவச் சொன்னமா?" என்றார் டீமேக்கர். இன்றைக்கும் அந்த ஆளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் மூட்டை கட்டிய காலையில், புதிதாக வந்த பிட்டர் இன்னொரு புஷ்ஷைக் கழுவாமல் மாட்டினார். பேக்டரிச் சத்தம் லைன் வரைக்கும் கேட்கும். இவர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வாசலில் போய் நின்றார்.

"ஏனுங்க, நேரமாச்சுங்க" என்றேன்.

"நல்லா ஓடுது புள்ள. ஒரு கிறீச் சத்தங்கூட இல்லை" என்றார். அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டார்.