ஈர டோக்கன்

பேய் பிசாசுன்னு யாராச்சும் ஆரம்பிச்சா, "போய்ச் சோலியப் பாரு"ங்கற ஆளு நானு. முருகனைத் தவிர வேற எதுக்கும் நான் வெளக்கு வெச்சதில்லீங்க, முனி நிக்குதுன்னு சொன்ன புளியமரத்தடியில உக்காந்து சோறு தின்னவ. அதனால நான் சொல்றதைக் கேட்டு நீங்க சிரிச்சாலும் எனக்குக் கோவம் வராதுங்க தம்பி, ஆனா சிரிச்சு முடிச்சிட்டுக் கடைசி வரைக்கும் கேக்கோணும். இது ராத்திரியுமில்ல, அமாவாசையுமில்ல. பட்டப்பகல்ல, ஒரு ஹால் நெறையப் பொம்பளைங்க பாத்துட்டு இருக்கறப்ப நடந்த சமாச்சாரமுங்க.

அப்ப தெருவுக்கொரு பனியன் கம்பெனி மொளச்சிட்டு இருந்த காலம். எங்கூட்டுக்காரருக்குக் கைத்தறி, நூல் கெடைக்காம தறி சும்மா கெடந்துச்சு. வீரபாண்டி போற ரோட்டுல ஒரு கம்பெனி, ஆஸ்பத்திரிக்குப் பஞ்சும் கட்டுத்துணியும் பண்ணி அனுப்பறது, அங்க என்னைச் சேத்துக்கிட்டாங்க. சோமனூர்ல இருந்து சல்லடையாட்டம் துணி வரும், அதை வெளுத்துக் காய வெச்சு நாடா நாடாக் கிழிச்சுக் குடுப்பாங்க, நாங்க சுருட்டோணும். எங்க மாமியார் என்னமோ நான் நர்சு உத்தியோகம் பாக்கற மாதிரி, "ருக்குமணி ஆஸ்பத்திரி வேலைக்குப் போறா"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாங்க. உள்ள வந்து பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும் அந்த லட்சணம்.

மேனேஜரு திட்ட மாட்டாரு, கத்த மாட்டாரு, "அம்மா, அம்மா"ன்னுதான் பேசுவாரு. ஆனா பேசற வாய் வேற, போடற சட்டம் வேற. அவரு நாற்காலிக்குப் பின்னால செவுத்துல ஒரு ஆணி, அதுல உள்ளங்கை அகலத்துல ஒரு மரத்துண்டு கம்பி கோத்துத் தொங்கும். அதுதான் டோக்கன். ஒன்னுக்குப் போகோணும்னா அவரைக் கேட்டு அதை எடுத்துட்டுப் போகோணும், வரும்போது கையவும் டோக்கனவும் லோஷன் தண்ணியில முக்கிட்டு வந்து மாட்டோணும். அத்தனை பொம்பளைக்கும் அது ஒன்னே ஒன்னுதானுங்க. டோக்கன் ஈரமா இருந்தா இப்பத்தான் யாரோ போய்ட்டு வந்திருக்காங்கன்னு அர்த்தம், அடுத்தவ கொஞ்சம் பொறுத்துத்தான் கேக்க முடியும். ஏனுங்க இப்படின்னு கேட்டா, "நோயாளி மேல படற துணிம்மா, சுத்தம் வேண்டாமா"ம்பாரு.

எனக்குப் பக்கத்துப் பலகையில பாப்பாத்தி. நல்லூர்க்காரி. மேனேஜர் நடக்கற மாதிரியே உக்காந்த எடத்துல நடிச்சுக் காட்டி எங்களையெல்லாம் சிரிக்க வெச்சே கொன்னுருவா. ஏழு மாசம் அவளுக்கு. வயித்துப்புள்ளக்காரிக்கு அடிக்கடி ஒன்னுக்கு முட்டும், இது ஊரறிஞ்ச சங்கதி. அன்னிக்கு மத்தியானம் போய்க் கேக்கறா, டோக்கன் ஆணியிலதான் தொங்குது, "இப்பத்தானம்மா போய்ட்டு வந்தே, லாரி நிக்குது, லோடு முடியட்டும்"னு சொல்லிட்டாரு. வந்து உக்காந்து பல்லைக் கடிச்சுட்டுச் சுருட்டினா, மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கொட்டுது, அப்பறம் முடியாம எந்திரிச்சு ஓடினா. "டோக்கன் இல்லாம எங்கம்மா போறே"ன்னு பின்னால ஒரு சத்தம், இவ திரும்பிப் பாத்தா, வெளுப்புத் தண்ணி ஓடற கல்லுல கால் வழுக்கிப் போச்சுங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயும் தாயும் தங்கல, வயித்துல இருந்ததும் தங்கல. நான் போய்ப் பாத்தேன், அவளுக்குச் சுத்தியிருந்தது எங்க கம்பெனிக் கட்டுத்துணி, நானே சுருட்டினதாக் கூட இருக்கும். மக்யா நாள் வேலைக்கு வந்தா அதே ஆணி, அதே டோக்கன்.

அதுக்கப்பறம் கொஞ்ச நாள்லதான் ஆரம்பிச்சுது. மத்தியானச் சோறு தின்னுட்டு வந்து உக்காருவோம், ஆணியில டோக்கன் இருக்காது. யார் போயிருக்காங்கன்னு பாத்தா எல்லாரும் உக்காந்திருக்கோம். கொல்லப்பக்கம் பொடக்காளியில போய்ப் பாத்தா கக்கூசுத் தகரக்கதவு உள்தாழ் போட்டுக் கெடக்கும், உள்ள டப்பாவுல தண்ணி மொள்ற சத்தம் கேக்கும். கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பிப் பாத்தா டோக்கன் ஆணியில தொங்கும், சொட்டச் சொட்ட ஈரமா, லோஷன் வாசத்தோட. நான் கூட, எவளோ லொள்ளு பண்றான்னுதான் நெனச்சேன். மேனேஜரும் அப்படித்தான் நெனச்சாரு. டோக்கனை எடுத்து மேசை டிராயர்ல போட்டுப் பூட்டிச் சாவிய ஜோப்புல வெச்சுக்கிட்டு, இனி மத்தியானத்துக்கு மேல யாருக்கும் கெடையாதுன்னுட்டாரு.

எனக்கு அப்ப நாலு மாசமுங்க. அங்க யாருக்கும் சொல்லல, முன்னால ஒன்னு கலைஞ்சு போனவ, சொல்லவே பயம். அன்னிக்கு அடிவயிறு இழுத்துப் புடிச்சுது, போய்க் கேட்டேன். தலையத் தூக்காமயே, "லாரி நிக்குதும்மா"ன்னாரு. அதே வார்த்தை. வந்து உக்காந்தா பக்கத்துல அவ பலகை வெறும் பலகையாக் கெடக்குது. அதைப் பாத்ததும் எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆங்காரம் வந்துச்சோ, வேலை போனாப் போவுது, ஊட்டுல அடுப்பெரியாட்டிப் போவுது, இந்தப் புள்ளைய இந்தக் கல்லுல நான் உட மாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன். எந்திரிக்கலாம்னு மடியில கெடந்த துணிய ஒதுக்கறேன், நம்புனா நம்புங்க நம்பாட்டிப் போங்க, மடியில டோக்கன் கெடக்குது. சேலையெல்லாம் நனைஞ்சு சில்லுன்னு ஆயிப்போச்சு.

டோக்கனை இறுக்கிப் புடிச்சுட்டு எந்திரிச்சேன். மேசைக்கு முன்னால போய் நின்னு தூக்கிக் காட்டினேன், "டோக்கன் எங்கிட்ட இருக்குதுங்க, நான் போய்ட்டு வாறனுங்க"ன்னேன். அந்த மனுசன் ஜோப்புல கை விட்டுச் சாவிய எடுத்து டிராயரைத் தொறந்தாரு, பூட்டு பூட்டினபடிதான் இருந்துச்சு, எல்லாரும் பாத்தாங்க. உள்ள ஒன்னுமில்ல. அடிப்பலகை மட்டும் ஈரம்.

பொடக்காளிக்குப் போனா தகரக்கதவு உள்தாழ் போட்டிருக்குது, தண்ணி மொள்ற சத்தம் கேக்குது. கதவை ஒட்டிப் போய் நின்னேன். "பாப்பாத்தி, நாந்தாண்டி ருக்குமணி, நானும் மாசமா இருக்கறேன்டி"ன்னேன். சத்தம் நின்னு போச்சு. தாழ் நவுந்துச்சு. கதவைத் தள்ளினா ஆள் இல்ல, தண்ணித் தொட்டியில டப்பா மட்டும் மெதுவாச் சுத்திட்டு இருந்துச்சு. பயமில்லாம எப்படி உள்ள போனீங்கன்னு கேக்காதீங்க, வயிறு முட்டிட்டு நிக்கறவளுக்கு எந்தப் பேயும் ஒரு பொருட்டில்லீங்க.

வெளிய வந்து நான் என்ற பலகையில உக்காரல. பெட்டிக்கு ஆணியடிக்கற எடத்துல கெடந்த குறடு ஒன்னை எடுத்துட்டு நேரா மேசைக்குப் பின்னால போய் அந்த ஆணியப் புடுங்கினேன். "இனி யாரும் கேட்டுட்டுப் போறதில்லீங்க. முட்டுச்சுன்னா போவோம், கையக் கழுவிட்டு வருவோம். ஒத்துக்கலைன்னா சொல்லுங்க, நாங்க எல்லாரும் ஒட்டுக்கா ஊட்டுக்குப் போயிர்றோம், லாரிக்கு நீங்களே சுருட்டிக்குங்க"ன்னேன். சொல்லிட்டுத் திரும்பறேன், அத்தனை பேரும் எந்திரிச்சு நிக்கறாளுக. மேனேஜரு டிராயர்ல இருந்த ஈரத்தையே பாத்துட்டு இருந்தாரு, அப்பறம், "சரிம்மா, சரிம்மா"ன்னாரு. அதோட டோக்கன் ஒழிஞ்சுது.

எனக்குச் சொகமாப் பொம்பளப்புள்ள பொறந்துச்சு. பாப்பாத்தின்னு பேர் வெக்கறேன்னு அடம் புடிச்சேன், அல்பாயுசுல போனவ பேர் வேண்டாம்னு மாமியார் விடல. டோக்கனை மட்டும் தூக்கிப் போட மனசு வரல, ஊட்டுக்குக் கொண்டாந்து பொடக்காளிக் கதவோரம் அந்த ஆணியையே அடிச்சு மாட்டினேன், இன்னும் அங்கதான் தொங்குது. எப்பவாச்சும் ஒரு மத்தியானம் ஆணி மட்டும் இருக்கும், கக்கூசுக் கதவு உள்தாழ் போட்டிருக்கும், எங்கூட்டுல லோஷனே வாங்கறதில்ல, ஆனா அந்த வாசம் வரும். நானும் வெளிய நின்னுக்கிட்டு, "மெதுவா வா கண்ணு, இங்க லாரி ஏதும் நிக்கல"ன்னு சொல்லிட்டு வந்துருவேன். அதுக்கெல்லாம் நான் பயப்படறதில்லீங்க.

ஆனா போன சித்திரையில, நல்ல வெயில்ல, கதவு தொறந்ததும் போய்ப் பாத்தேன். காஞ்ச சிமெண்டுத் தரையில ஈரக்காலடி போயிருந்துச்சு. பக்கத்துலயே தத்தித் தத்திச் சின்னதா இன்னொரு சோடிக் காலடி, நடை பழகற கொழந்தையோடது. பாப்பாத்தி புள்ள பொறக்கவே இல்லீங்களே தம்பி.